லிஃப்டில் சொன்ன மனஸ்தாப மந்திரம்

பிரிஜட்டைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் தேக்கா மார்க்கெட் மீன்காரர்கள் சிரித்துவிடுவார்கள். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீன்" என்று மலாயில் அவள் போடும் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் அவசர அவசரமாகத் தன் மீனுக்குத் தண்ணீர் தெளிப்பார். சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடை ஒன்றுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் அவள். கழுத்து சரியாக வரவில்லை என்று முதலாளி முணுமுணுத்தால், "கழுத்து சரியாத்தான் இருக்கு, போட்டுப் பாத்த ஆளு சரியில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் கணவன் லாசரஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். "நான் ஏறுற உசரத்தவிட உன் வாய் ஏறுற உசரம் ஜாஸ்தி" என்பான்.

அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். திடீர் சாவு. தாய் தகப்பன் இல்லாமல் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் வளர்ந்தவள். அங்கே விளக்கை அணைக்குமுன் எல்லாப் பெண்களும் முழங்காலில் நின்று மனஸ்தாப மந்திரம் சொல்ல வேண்டும். செய்த பாவத்துக்கெல்லாம் மனம் நொந்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கும் ஜெபம் அது. சாகக் கிடப்பவர் காதிலும் அதைத்தான் சொல்வார்கள். சாவு எந்த நேரத்தில் வரும் என்று தெரியாது, வாயில் இந்த மந்திரம் இருந்தால் போதும், நரகம் கிடையாது என்று ஒரு வயதான சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து இடி இடித்தால், பஸ் சடாரென்று பிரேக் போட்டால், பிரிஜட்டின் உதடு தானாக அசையும். கூட இருப்பவர்களுக்குத் தெரியாது. அவளுக்கே பாதி நேரம் தெரியாது.

எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளும் மகள் ஜெசிந்தாவும் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு புக்கிட் மேராவில் தங்கள் அடுக்குமாடி புளோக்குக்குத் திரும்பினார்கள். வீடு பத்தாவது மாடி. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது, அவ்வளவுதான். ஒன்பதில் இறங்கி ஒரு மாடி ஏறிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஐந்தைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. எங்கேயோ ரப்பர் தீய்கிற வாடை வந்தது.

ஜெசி பயப்படவில்லை. பிற்பாடு பிரிஜட்டின் நெஞ்சை அறுத்தது இதுதான். எட்டு வயதுப் பிள்ளை இருட்டில் சிரித்தாள். "மா, பேய் வீடு மாதிரி இருக்கு லா," என்றாள். பிரிஜட்தான் இரண்டு கையாலும் கதவை அடித்தாள். அவள்தான் தொண்டை கிழியக் கத்தினாள். பை சரிந்து வெங்காயம் காலடியில் உருண்டது. பிள்ளையின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"மா, நாம சாகப்போறோமா?"

இல்லடி கண்ணு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உலகத்தில் எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். பிரிஜட், பாவம், அன்றைக்கென்று உண்மை பேசுபவளாகிவிட்டாள். "ஆமா. முட்டி போடு. நான் சொல்றதத் திருப்பிச் சொல்லு," என்றாள். பிள்ளையின் ஆத்துமமாவது தப்பட்டும் என்பது அவள் எண்ணம். அன்பில்தான் செய்தாள். அதனால்தான் அந்தத் தப்புக்கு மருந்து கிடைக்காமல் போயிற்று.

பத்து நிமிஷத்தில் மெக்கானிக் கதவை நெம்பித் திறந்தபோது தாயும் மகளும் வெங்காயத்துக்கு நடுவே முழங்காலில் இருந்தார்கள். "ஒண்ணுமில்ல லா, ஃபியூஸ்தான்," என்று மலாயில் சொல்லிவிட்டு அந்த ஆள் வெங்காயம் பொறுக்க உதவினார்.

அதற்குப் பிறகு ஜெசி லிஃப்டில் கால் வைக்கவில்லை. பத்து மாடியும் படிதான். அது போகட்டும், காலுக்குப் பலம் என்று லாசரஸ் விட்டுவிட்டான். ஆனால் பிள்ளை அம்மாவையும் கண்ணைவிட்டு விலகவிடவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "மா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் பிரிஜட் கையை விட்டால் வாந்தி எடுத்தாள். கடைசியில் பள்ளி கேண்டீன் பெஞ்சில் பிரிஜட் உட்கார்ந்துகொள்வது என்று ஆயிற்று. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். அங்கேயே ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்தாள். கேண்டீன்காரி அவளைப் புதிதாக வந்த தையல் டீச்சர் என்று நினைத்துக் கொஞ்ச நாள் எழுந்து வணக்கம் சொன்னாள்.

கேட்டவர்களிடமெல்லாம் பிரிஜட் ஒரே பதிலைச் சொன்னாள். "லிஃப்ட் நின்னுடுச்சு, பிள்ள பயந்துட்டா." அதில் பொய் எதுவும் இல்லை. முழங்காலையும் மந்திரத்தையும் மட்டும் விட்டுவிட்டாள். புருஷனிடமும் அப்படித்தான் சொன்னாள். ஓஃபிர் ரோடு கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழந்தாளிட்டபோது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்ததை எந்தக் கட்டளையை மீறிய பாவமென்று சொல்வது? சாமியார் பாராட்டினாலும் பாராட்டிவிடுவார். கோபப்பட்டதையும் பூசைக்குப் பிந்தி வந்ததையும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அடுத்த வருஷம் ஜெசி மூன்றாம் வகுப்பு. தலைமையாசிரியை பிரிஜட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வருஷக் கடைசிப் பரீட்சையை வைத்துத்தான் பிள்ளைகளைத் தரம் பிரிப்பார்கள். பரீட்சை நேரத்தில் பெற்றோர் யாரும் வளாகத்துக்குள் இருக்க முடியாது. எழுத முடியாத பிள்ளை கடைசிப் பிரிவுக்குப் போகும். அங்கே போன பிள்ளை மேலே வருவது கஷ்டம் என்று புளோக்கில் குழந்தை பெற்ற எல்லாருக்கும் தெரியும். ஜெசியோ தமிழ்ப் புத்தகத்தையும் இங்கிலீஷ் புத்தகத்தையும் கையில் கிடைத்த வேகத்தில் படித்து முடிக்கிற பிள்ளை. 'ஒரு ஃபியூஸ் போனதுக்கு இவள் எதிர்காலத்தையே நான் அணைச்சிடுவேனா?' என்று பிரிஜட் அன்றைக்கு முழுக்கக் ஊசியை ரவிக்கையில் குத்தாமல் விரலில் குத்திக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை சொல்லித்தான் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே மிஸ் பாக்கியலட்சுமி என்ற மனநல நிபுணர் புதிதாக ஒரு முயற்சி தொடங்கியிருந்தார். பயந்த பிள்ளைகள் சில பேர், அவர்களுடைய பெற்றோர், எல்லாரும் சனிக்கிழமை காலையில் வர வேண்டும். பிள்ளைகள் ஓர் அறையில், பெற்றோர் ஓர் அறையில், பிறகு சேர்ந்து. மிஸ்ஸுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பருத்திச் சேலையும் தோளில் துணிப்பையுமாக, பார்த்தால் காய்கறி வாங்க வந்தவர் மாதிரி இருப்பார்.

"பயம் வரும்போது மனசு ஏதோ ஒண்ணு சொல்லும்," என்பார் பிள்ளைகளிடம். "அது என்ன சொல்லுதுன்னு முதல்ல பிடிக்கணும். பிடிச்சு, நீ சொல்றது நிஜமான்னு கேக்கணும்." பிறகு பயத்துக்கு ஓர் ஏணி வரையச் சொன்னார். அடிப்படியில் கொஞ்சமாகப் பயம் தருவது, உச்சியில் உயிர் போகிற பயம் தருவது. ஒவ்வொரு படியாக ஏறிப் பழக வேண்டும். ஜெசியின் ஏணியில் அடியில் 'லிஃப்ட் கதவைத் தொடுவது'. உச்சியில் 'அம்மா வீட்டில், நான் பரீட்சையில்'.

பெற்றோருக்கும் பாடம் இருந்தது. பிள்ளை பயப்படும் என்று நாமே முந்திக்கொண்டு வழி விலக்கிவிடுகிறோமே, அதுவும் பயத்துக்குச் சோறு போடுவதுதான் என்றார் மிஸ். மீ கோரெங் நூடுல்ஸ் கடை வைத்திருந்த ரவூப் என்பவர், மிஸ் வெளியே போனதும் பிரிஜட் பக்கம் சாய்ந்தார். அவர் மகனுக்கு இருட்டென்றால் ஆகாது. "பிள்ளைய ரிப்பேருக்குக் கொண்டாந்தோம்னு நெனச்சேன் தங்கச்சி. இந்தப் பொண்ணு நம்மளயில்ல கழட்டிப் பாக்குது." எல்லாரும் சிரித்தார்கள். பிரிஜட்டும் சிரித்துவிட்டு, கேண்டீன் பெஞ்சை நினைத்துக்கொண்டாள்.

கீழ்ப்படிகளை ஜெசி தாண்டிவிட்டாள். கதவைத் தொட்டாள். கதவு திறந்திருக்க உள்ளே நின்றாள். கேண்டீன் பெஞ்சை ஜன்னலுக்குத் தெரியாத பக்கம் நகர்த்தியபோது ஒரு வாரம் அழுதுவிட்டுப் பழகிக்கொண்டாள். ஆனால் கதவு மூடி லிஃப்ட் நகர்கிற படியில் எல்லாம் நின்றுபோயிற்று. அம்மாவோடு ஏறுவாள், கதவு மூடும், உடனே முகம் வெளுத்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். எத்தனை தடவை செய்தாலும் அதேதான். ஜூலை போய் ஆகஸ்ட் வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை மிஸ்ஸே அவர்களோடு கிளினிக் லிஃப்டில் ஏறினார். கதவு மூடியது. ஜெசிக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடியில் மூவரும் வெளியே வந்ததும் மிஸ் பிரிஜட்டைப் பார்த்தார்.

"பிள்ள லிஃப்டப் பாக்கல. கதவப் பாக்கல. உங்க வாயத்தான் பாத்துக்கிட்டே இருக்கு."

பிரிஜட் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் முணுமுணுத்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

மிஸ் குனிந்து, "ஜெசி, அம்மா என்னமா சொல்றாங்க?" என்று கேட்டார்.

ஜெசி கையைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் பாட்டு ஒப்பிப்பதுபோல், முதல் வார்த்தையிலிருந்து கடைசிவரை ஓர் எழுத்துப் பிசகாமல் மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி முடித்தாள். ஒரே தடவைதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதுவும் இருட்டில்.

"அழகா சொல்றியே. இது என்ன ஜெபம்?"

"சாகறதுக்கு முன்னாடி சொல்றது மிஸ். அம்மா சொன்னா, அம்மாவும் நானும் சாகப்போறோம்னு அர்த்தம்."

லிஃப்டுக்கு வெளியே வருகிறவர்களும் போகிறவர்களுமாக இருந்தார்கள். பிரிஜட்டுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிள்ளைக்கு லிஃப்ட் மேல் பயமே இல்லை. அவள் பயப்பட்டது அம்மாவின் உதட்டைப் பார்த்து. ஒவ்வொரு தடவையும், தைரியம் சொல்லி உள்ளே கூட்டிப் போய், கதவை மூடி, நீ சாகப்போகிறாய் என்று தானே சொல்லியிருக்கிறாள்.

மிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிரிஜட்டுக்குப் பதில் சொல்லத் தெரியும். அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வெங்காயம் உருண்டதிலிருந்து எல்லாவற்றையும் பிரிஜட் கொட்டித் தீர்த்தாள்.

"பத்து நிமிஷம் மிஸ். அதுக்குள்ள என் பிள்ளைய நானே சாகடிச்சுட்டேன்."

"சாகடிக்கல. பயந்தீங்க. உங்களுக்கு அதத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"இப்ப என்ன, ஜெபத்த விடச் சொல்றீங்களா?" பிரிஜட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ஆத்திரத்துக்குள்ளும் குற்றவுணர்வுதான் இருந்தது. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. அப்பா அம்மா குடுத்துட்டுப் போனதா எனக்கு எதுவும் இல்ல. இது ஒண்ணுதான்."

"கோவில்ல சொல்லுங்க, வீட்டுல சொல்லுங்க. லிஃப்டுல மட்டும் வேணாம். உங்க வாய்க்கு வேற வேல குடுப்போம். லிஃப்டுல ஏறினா ரெண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டப் பத்திப் பேசணும். சத்தமா."

"இதுக்கா வெளிநாட்டுல போய்ப் படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள் பிரிஜட். மிஸ் பாக்கியலட்சுமி முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

வீட்டில் லாசரஸிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"ஒரு வருஷமா ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா இப்படிப் பாப்பீங்கன்னுதான்."

அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டு காப்பியை எடுத்தான். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மேல கிரேன்ல காத்து பலமா அடிச்சா நான் கெட்ட வார்த்த சொல்வேன்," என்றான். "நல்லவேள, அதக் கத்துக் குடுக்காம விட்டியே." அவளைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அவள் அழுதாள்.

மறுநாளிலிருந்து அந்த புளோக்கின் லிஃப்டில் ஒரே சமையல் பேச்சு. "இன்னைக்கு என்ன?" என்று ஜெசி கேட்பாள். "இக்கான் பிலிஸ் சம்பல்," என்று நெத்திலிச் சம்பலை மலாய்ப் பெயரில் பிரிஜட் கத்துவாள். "அப்புறம்?" "கங்கோங் கீரைப் பொரியல்." "முட்டை?" "பொரிச்ச முட்டை." கூட ஏறிய சீனக் கிழவர் ஒருவர் தினமும் இதைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் தன் பங்குக்கு, "இக்கான் பிலிஸ்!" என்று தானே ஆரம்பித்தார். பிரிஜட்டுக்கு நாக்கு நுனிவரை மந்திரம் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு ரசம் என்பாள். முதலில் அது பெரிய துரோகமாக இருந்தது. ஆண்டவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு ரசத்தை உட்காரவைத்த மாதிரி. ஆனால் பிள்ளையின் முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வந்த கையோடு, இவ்வளவு சுலபமாக முடிகிறதை ஒரு வருஷம் மூடி மறைத்தேனே என்ற வேதனையும் வந்தது.

செப்டம்பரில் ஜெசி தனியாக ஐந்தாவது மாடிவரை போய் வந்தாள். பிறகு ஒன்பதுவரை. கேண்டீன் பெஞ்சு காலியாயிற்று. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பழகிய பிரிஜட்டுக்கு வீட்டில் கொக்கி வைக்கக் கை ஓடவில்லை. பிள்ளை கூப்பிடாத வீடு அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளை தன்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தனக்குப் பிடித்துத்தான் இருந்ததோ? யாருமில்லாமல் வளர்ந்தவளை ஒருத்தி "மா, இருக்கியா?" என்று நாள் முழுக்கத் தேடினாளே. அந்த நினைப்பு வந்தபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். மந்திரம் சொன்னது ஒரு தப்பென்றால் இது அதைவிடப் பெரிய தப்பாக அவளுக்குப் பட்டது.

பரீட்சை நாள் வந்தது. ஏணியின் உச்சிப்படி. ஜெசி தானே கீழே இறங்கி, பள்ளிக்குப் போய், பரீட்சை எழுதி, தானே திரும்ப வேண்டும். பிரிஜட் வீட்டுக்குள் இருக்க வேண்டும். காரிடாரில் நின்று எட்டிப் பார்க்கக்கூடாது என்பது மிஸ்ஸின் கண்டிப்பு.

"போய்ட்டு வர்றேன் மா."

"போய்ட்டு வா." நெற்றியில் சிலுவை போடக் கை உயர்ந்தது. இது லிஃப்ட் இல்லையே என்று போட்டுவிட்டாள்.

பிறகு சோறு வடித்தாள், சம்பல் அரைத்தாள். ரவிக்கைக் கை ஒன்றைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தாள். ஆரம்பித்த பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவந்திருந்தால் இந்நேரம் படியில் காலடிச் சத்தம் கேட்டிருக்கும். கேட்கவில்லை. பிள்ளை எழுதுகிறாள். கடைசிப் பிரிவு இல்லை, எதிர்காலம் அணைந்துவிடவில்லை என்று மனசு மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

பள்ளி விடுகிற நேரம் தாண்டியதும் லிஃப்டின் அபாய மணி அடித்தது.

பிரிஜட் செருப்புப் போடாமல் ஒன்பதாவது மாடிக்கு ஓடினாள். லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்று கீழே குனிந்து இடுக்கில் வாய் வைத்து, "ஜெசீ!" என்று கத்தினாள்.

ஆழத்திலிருந்து சத்தம் வந்தது. "மா! நின்னுடுச்சு! நான் மட்டும்தான் இருக்கேன்! விளக்கு இல்ல!"

இருட்டு, தனியாக, அதே லிஃப்ட். பிரிஜட்டின் முழங்கால் மடங்கியது. யாரும் மடக்கவில்லை, அதுவாக மடங்கியது. முழந்தாளிட்டு, நெற்றியைக் கதவில் வைத்து, நாலு வயதிலிருந்து நாக்கில் குடியிருந்த மந்திரத்தின் முதல் வார்த்தையைச் சத்தமாகவே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வாயை மூடினாள்.

"மா?" கீழே குரல் மெலிந்தது. "மா, அந்த ஜெபமா சொல்ற?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டிய பொய்யைச் சொல்லவில்லை. இன்றைக்காவது சொல்லித் தொலைக்கலாம். முடியவில்லை.

"ஆமாண்டி," என்றாள். "பயத்துல வந்துடுச்சு. என்ன மன்னிச்சிடு கண்ணு. நீ சாகப்போறதில்ல. அன்னைக்கும் நாம சாகப்போகல. அம்மா தப்பாச் சொல்லிட்டேன். ஃபியூஸ்தான். ஃபியூஸ்தாண்டி."

பிரிஜட் காதைக் கதவில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மா," என்றது குரல். நடுங்கியது, ஆனால் அழவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ வேணும்னா ஜெபம் சொல்லு, பரவால்ல. ஆனா அது வேணாம், வேற சொல்லு."

"எதச் சொல்ல?"

"சாப்பாட்டு ஜெபம் சொல்லு மா. பரீட்ச எழுதிட்டு வர்றேன், எனக்குப் பசிக்குது."

பிரிஜட் கையைக் குவித்தாள். சாப்பிடும் முன் தினமும் அவசர அவசரமாகச் சொல்லி முடிக்கிற அந்தச் சின்ன ஜெபத்தை, எங்களையும் எங்கள் உணவையும் ஆசீர்வதியும் என்று, லிஃப்ட் கதவின் இடுக்கில் வாய் வைத்து உரக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே சொல்லி முடித்ததும், கீழே இருட்டிலிருந்து ஜெசி "ஆமென்" என்றாள், "இன்னைக்கு என்ன?" என்று கேட்டாள்.